‘பாப்பம்’ என்றால் ஆமா, இல்லையா? கொழும்பில் இருந்து பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடலை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. ஐரோப்பாவில் இருந்து ஓடர் தருகிற பையர் ஒரு வரியில் மெயில் போடுகிறார்: 14ஆந் திகதி சரக்குக் கப்பலேறுமா? கொழும்பு அலுவலகத்தில் மேர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஓடரை நடத்துபவராக இருக்கும் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, முடிந்தளவு முயற்சி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறார். அடுத்த மேசைக்காரருக்கு அதன் பொருள் உடனே விளங்கிவிடும்: ஏறாது. பையரோ தன் அட்டவணையில் ‘ஏறும்’ என்று குறித்துக்கொள்கிறார். 15ஆந் திகதி காலையில் தொலைபேசியில் வெடி.

இரண்டு பேரும் எழுதியது ஆங்கிலம்தான். ஆனால் அந்தப் பெண் எழுதியது, மறுக்காமல் மறுக்கும் நம் ‘பாப்பம்’ (பார்ப்போம்) என்ற சொல்லின் ஆங்கிலம். இந்தச் சம்பவத்தை என்னிடம் அவரே சொன்னபோது நான் அப்படித்தான் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பல வருடம் ஒரு தமிழ் நாளிதழின் இரவு மேசையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். பிறகுதான் ஆய்வுப் பக்கம் வந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் சில ஆய்வு மாணவர்களோடு உட்காருகிறேன். சர்வதேச வணிகத்திலும் செய்தி ஊடகத்திலும் பண்பாடுகள் சந்திக்கும் இடத்தை ஆராய விரும்பும் அவர்களுக்கு அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: கேள்வியைச் சுருக்குங்கள்

மாணவர்கள் கொண்டுவரும் முதல் தலைப்பு அநேகமாக இப்படி இருக்கும்: ‘இலங்கை வணிகத்தில் பண்பாட்டு வேறுபாடுகளின் தாக்கம்’. இதை வைத்துக்கொண்டு நாளைக் காலை எந்த வாசலில் போய் நிற்பீர்கள்? கேள்வி சரியானதா என்று பார்க்க இதுதான் என் சோதனை. யார் யாரோடு கதைக்கிறார்கள், எந்த மொழியில், எந்தத் தருணத்தில் என்ற மூன்றும் அதற்குள் இருக்கவேண்டும்.

கொழும்பில் இருப்பவருக்குக் கேள்விக்குப் பஞ்சமில்லை. தேயிலை ஏலத்தை எடுங்கள். 1883இல் தொடங்கிய ஏலம், தலைமுறை தலைமுறையாக ஒரே மண்டபத்தில் குரலாலும் கைச்சைகையாலும் நடந்தது. 2020இல் கொரோனா வந்ததும் கணினித் திரைக்குப் போனது. எதிரே இருப்பவரின் முகம் பார்த்து விலை ஏற்றிய தரகர் இப்போது எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்? பல வருடம் அந்த மண்டபத்தில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம். அல்லது 2013இல் தொடங்கி, சீன நிறுவனமொன்றின் பெரும்பான்மைப் பங்கோடு இயங்கும் துறைமுக முனையத்தில் வேலை உத்தரவுகள் எந்த மொழிவழி இறங்கி வருகின்றன என்று கேட்கலாம்.

ஊடகப் பக்கம் என்றால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பல். 2021 மே 20ஆந் திகதி கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. சிங்கப்பூர்க் கொடி, 1,486 கொள்கலன்கள், கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள், தொழில் இழந்த மீனவர். இதை ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு சிங்களப் பத்திரிகை, ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஆகிய மூன்றும் முதல் பதினான்கு நாள் எப்படிச் சொன்னன என்பது ஒரு முதுமாணி ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். மீனவர் யார் செய்தியில் பேசுகிறார், யார் செய்தியில் படத்தில் மட்டும் நிற்கிறார் என்று எண்ணினாலே அரை அத்தியாயம் வந்துவிடும்.

இரண்டாம் படி: வாசிப்பு, ஆனால் சந்தேகத்தோடு

இந்தத் துறையில் நுழைந்தவுடன் இரண்டு பெயர்கள் வழிமறிக்கும். ஒருவர் எட்வர்ட் ஹோல். அமெரிக்க இராஜதந்திரிகளுக்குப் பயிற்சி கொடுத்த மானிடவியலாளர். சொல்லாமல் சொல்லப்படுவது அதிகமாக உள்ள சமூகம், எல்லாவற்றையும் சொல்லிலேயே வைக்கும் சமூகம் என்று 1976இல் அவர் பிரித்த பிரிப்பு இன்றுவரை ஓடுகிறது. மற்றவர் ஹொஃப்ஸ்டெட். ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை நிரப்பிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை வைத்து, 1980இல் 40 நாடுகளுக்கு மதிப்பெண் போட்டவர். அதிகாரம் சமமில்லாமல் இருப்பதை எவ்வளவு ஏற்கிறார்கள் என்ற அதிகார இடைவெளி, தனிமனிதச் சார்பு என்று அவர் பேசும் அளவுகோல்கள் எந்த மேலாண்மை வகுப்பிலும் வரும்.

வாசியுங்கள். ஆனால் அந்த 40 நாடுகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்தன, இலங்கை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஹொஃப்ஸ்டெட்டைப் பற்றி 2002இல் பிரெண்டன் மக்ஸ்வீனி எழுதிய விமர்சனத்தையும் கூடவே படியுங்கள். பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் சொன்னவர்கள் 37 பேர், இரண்டாஞ் சுற்றில் 70 பேர் என்று அவர் காட்டுகிறார். ஒரே கொம்பனியின் 37 பேரை வைத்து ஒரு நாட்டின் மனதை அளப்பதா? கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டில் அதைவிடக் கூடப் பேர் ஒரு பந்தியில் உட்காருவார்கள். பின்னால் வந்த ‘குளோப்’ என்ற பன்னாட்டு ஆய்வு 62 சமூகங்களை எடுத்தது. அதிலும் இலங்கை இல்லை. ஆகவே ‘இலங்கையரின் பண்பாட்டு மதிப்பெண்’ என்று யாரும் ஓர் அட்டவணையை நீட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு பக்கம். பிரவுண், லெவின்சன் இருவரும் எழுதிய பணிவுக் கோட்பாடு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அது நின்றது மூன்று மொழிகளின் தரவில்: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்து ஊரொன்றில் திரட்டிய தமிழ். அவர்கள் பேசும் ‘முகம்’ என்ற கருத்து நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதல்ல. முகம் கொடுத்துப் பேசுவது, முகத்தில் அடித்த மாதிரிச் சொல்வது, முகம் முறியாமல் விலகுவது, முகதாட்சணியத்துக்காக ஒத்துக்கொள்வது என்று நாம் நாள் முழுக்கப் புழங்கும் சொற்களே ஒரு பகுப்பாய்வுச் சட்டகம். என் மாணவர்கள் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழாக்கத் தவிக்கும்போது, இந்த நான்கையும் தனித்தனித் தாளில் எழுதி, தங்கள் தரவில் எது எங்கே பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்வேன். மொழிபெயர்த்த சொல் பிடிக்காத வித்தியாசத்தை இவை பிடிக்கும்.

இன்னொருவர் ஜோன் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர். லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதை இல்லாமல் நடக்கிறார்கள் என்று முறைப்பாடு. அவர் ஒலிப்பதிவு செய்து கேட்டார். இறைச்சி எடுப்பவரிடம் ஆங்கிலேயப் பணிப்பெண் ‘கிரேவி?’ என்று குரலை உயர்த்திக் கேட்டால் அது உபசரிப்பு. இந்தப் பெண்கள் அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தார்கள். அவர்கள் வழக்கில் அதுவும் உபசரிப்புத்தான். கேட்டவர் காதில் ‘கிரேவி, வேணுமெண்டா எடு’ என்று விழுந்தது. ஒரேயொரு சொல்லின் வால்.

மூன்றாம் படி: ஆளைப் பிடிப்பது

ஆய்வு முறை நூல்கள் இதை ‘நுழைவு’ என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடும். கொழும்பில் இதுதான் பாதி வேலை. கோட்டையில் உள்ள ஓர் உயரக் கட்டடத்து அலுவலகத்தில் நான் முதன்முதலாகச் செய்த நேர்காணல்கள் எல்லாம் கூட்ட அறையில், ஆங்கிலத்தில், ஒலிப்பதிவுக் கருவி மேசை நடுவில். ஒவ்வொருவரும் கொம்பனியின் இணையப் பக்கத்தை ஒப்புவித்தார்கள். அடுத்த கிழமை அதே ஆட்களில் ஒருவர் கீழே தேத்தண்ணிக் கடையில் நின்றார். ‘அங்க வச்சு எப்பிடித் தம்பி கதைக்கிறது?’ என்றார். நான் எழுதிய ஆய்வு அந்தக் கடையில்தான் தொடங்கியது. முதல் இருபது நேர்காணலும் பெட்டியிலே கிடக்கிறது.

எனவே இடத்தை அவர்களைத் தெரிவுசெய்ய விடுங்கள். மொழியையும்தான். புறக்கோட்டை கெய்சர் வீதி வியாபாரி ஒருவர் விலை பேசச் சிங்களம், கணக்குப் பேசத் தமிழ், டுபாய்க்கு அழைப்பெடுக்க ஆங்கிலம் என்று ஒரு மணித்தியாலத்தில் மூன்றுக்கும் போய் வருவார். நீங்கள் ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

விளிக்கும் சொல்லில் கவனம் தேவை. முஸ்லிம் வியாபாரியிடம் ‘நானா’ என்றால் ஒரு கதவு திறக்கும். ‘சேர்’ என்றால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சிங்களக் காவலாளி ஒருவரை நாம் மரியாதையாக ‘ஐயா’ என்கிறோம். அவர் காதில் அது ‘அண்ணன்’ என்று விழுகிறது, ஏனென்றால் சிங்களத்தில் அதே ஓசைக்கு அதுதான் பொருள். இதில் யாருக்கும் நட்டமில்லை, சந்தோசம்தான். ஆனால் பதிவை எழுத்தாக்கும்போது இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் உங்கள் முடிவு பிசகும்.

ஒப்புதல் படிவத்தை மூன்று மொழியிலும் வைத்திருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவும் கேட்கும். அலுவலக மெயில்களைத் தரவாக எடுப்பதென்றால் அனுப்பியவரின் சம்மதம் மட்டும் போதாது, பெற்றவரும் ஓர் ஆள்.

நான்காம் படி: கேட்டதை எழுதுவது

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். ‘ஓம்… ம்… பாப்பம்’ என்பதை ‘ஆம், பார்ப்போம்’ என்று எழுதினால் ஆய்வு அங்கேயே செத்துவிட்டது. அந்த ‘ம்’முக்கு முன்னால் எவ்வளவு நேரம் மௌனம் என்பதை வினாடியின் பத்தில் ஒரு பங்குவரை குறிக்கும் முறையை கெயில் ஜெஃபர்சன் உருவாக்கினார். முழு நேர்காணலுக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்குரிய அந்த இரண்டு நிமிடத்துக்குச் செய்யுங்கள். ஒரு நிமிடப் பதிவுக்கு எனக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

வினாக்கொத்தை மொழிபெயர்த்தால் மீள்மொழிபெயர்ப்புச் செய்யுங்கள்: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது. பிரிஸ்லின் 1970இல் சொன்ன முறை. சலிப்பான வேலை, ஆனால் ‘நேரடியாகப் பேசுவீர்களா?’ என்ற கேள்வியைப் பாதிப் பேர் ‘ஆளை நேரில் கண்டு பேசுவீர்களா?’ என்று விளங்கிக்கொண்டதை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஐந்தாம் படி: செய்திகளைத் திரட்டி எண்ணுவது

பழைய பத்திரிகைக்குக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இன் தினகரன், 1909இன் தினமின, 1918இன் டெய்லி நியூஸ் என்று நான்கையும் வைத்தாலே ஒரு நூற்றாண்டு விரியும். வீட்டிலிருந்து தேட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தின் இணையத்தளம். திணைக்களங்களின் சுற்றறிக்கை, மொழிபெயர்ப்பாளர் எண்ணிக்கை போன்றவை வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே விண்ணப்பியுங்கள்.

ஒரு வருடப் பத்திரிகை முழுவதையும் வாசிக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு கிழமையை அள்ளி எடுப்பதும் பிழை; அந்தக் கிழமையில் தேர்தல் வந்தால் எல்லாம் தேர்தலாகிவிடும். எல்லாத் திங்கட்கிழமைகளில் இருந்தும் குலுக்கலில் ஒன்று, எல்லாச் செவ்வாய்களில் இருந்தும் ஒன்று என்று எடுத்து ஒரு செயற்கைக் கிழமையைக் கட்டுங்கள். அப்படி இரண்டு கிழமை, ஒரு நாளிதழின் ஒரு வருடத்துக்கு ஓரளவு பிரதிநிதியாக நிற்கும் என்பது 1993இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் பரிசோதித்துக் கண்டது. கப்பல் தீ போன்ற ஒற்றைச் சம்பவத்துக்கு இது தேவையில்லை, முழுவதையும் எடுங்கள்.

பிறகு ஒவ்வொரு செய்தியையும் வகைபிரித்துக் குறிக்கும் குறியீட்டுத் தாள். மோதல், மனிதக் கதை, பொறுப்பு, ஒழுக்கம், பொருளாதார விளைவு என்ற ஐந்து சட்டகங்கள் (செய்தியைச் சொல்லும் கோணங்கள்) செமெட்கோ, வால்கன்பர்க் இருவரும் 2000இல் நெதர்லாந்துச் செய்திகளை வைத்துச் சோதித்தவை, தொடங்க வசதி. வெளிநாட்டுச் செய்தி எப்படிச் செய்தியாகிறது என்பதற்குக் கால்டுங்கும் ரூகேயும் 1965இல் எழுதிய கட்டுரை. கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகள் நோர்வேயின் நான்கு பத்திரிகைகளில் வந்த விதத்தைப் பார்த்தார்கள். தூரத்து நாடு செய்தியாவதற்கு அங்கே கெட்டது நடக்கவேண்டும் என்ற நம் பழைய முணுமுணுப்புக்கு அதில் ஆதாரம் உண்டு.

இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிடுங்கள். இருவர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கிரிப்பன்டோர்ஃபின் ஆல்ஃபா 0.8ஐத் தாண்டினால் நிம்மதி, 0.667க்குக் கீழே என்றால் முடிவு சொல்லவே கூடாது. எங்கள் முதல் சுற்றில் ‘மோதல்’ என்ற சட்டகம் அந்தக் கீழ்க்கோட்டையும் தொடவில்லை. உட்கார்ந்து பேசியபோதுதான் விளங்கியது. இன ரீதியான சொல் வந்தாலே தமிழ் வாசிக்கும் மாணவர் ‘மோதல்’ என்று போட்டார். இரண்டு தரப்பு வாதிட்டால் மட்டும் சிங்களம் வாசிக்கும் மாணவர் போட்டார். நாங்கள் ஆராய வந்த வித்தியாசம் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்துவதற்கு முன் ஒரு பக்கம் குறித்துவையுங்கள். ஆய்வேட்டின் நல்ல பக்கம் அதுவாக இருக்கலாம்.

ஆறாம் படி: மொழிபெயர்ப்பின் தடத்தைப் பிடியுங்கள்

இதில் நான் கொஞ்சம் பக்கச்சார்பானவன், இரவு மேசைப் பழக்கம். பல மாணவர்கள் தமிழ்ச் செய்தியைத் தமிழில் பிறந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பது இது: அமைச்சர் சிங்களத்தில் சொல்கிறார், ஆங்கில நிருபர் சுருக்குகிறார், வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அதை எடுக்கிறது, இரவு பதினொரு மணிக்கு அது திரும்பத் தமிழ் மேசைக்கு வருகிறது. பக்கம் மூட இருபது நிமிடம். அமைச்சர் சொன்ன ஒரு கிண்டல் மூன்றாவது மொழியில் மிரட்டலாக இறங்கிய நாளும் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ‘எங்கிருந்து வந்தது’ என்று ஒரு நிரல் வையுங்கள்.

பிறகு தனிச்சொல். 2022இல் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராக நடந்ததைத் தமிழ் ஊடகம் சில நாள் ‘போராட்டம்’ என்றது, சில நாள் ‘அரகலய’ என்று சிங்களச் சொல்லையே எழுதியது. எந்த நாள் எது? போராட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு கனமான வரலாறு உண்டு. அதை இதற்குக் கொடுக்க மேசையில் யார் தயங்கினார்கள்? 2023இல் அரசாங்கம் ஆங்கிலத்தில் ‘உள்நாட்டுக் கடன் உகப்பாக்கம்’ என்ற பொருள்பட ஒரு மெத்தென்ற சொல்லைச் சொன்னது. தமிழில் பரவலாக ‘உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு’ என்றே எழுதப்பட்டது. மெத்தை கழன்றுவிட்டது.

தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலும் இது உண்டு. எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்று இங்கே எழுதினால், அது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். சென்னையில் இதை வாசிப்பவர் மாநில அளவில் ஒரு நீதிமன்றம் என்று நினைப்பார். அவருக்கு அதியுயரானது உச்ச நீதிமன்றம். ஒரே மொழி, ஒரே சொல், ஒரு படி கீழே விழுந்த தீர்ப்பு.

ஏழாம் படி: ‘பண்பாடு’ என்று எழுதுமுன்

தரவு முழுவதும் கையில் வந்ததும் ஒரு சோம்பல் வரும். விளங்காததை எல்லாம் ‘அது அவர்கள் பண்பாடு’ என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்? யாருடைய விசா யார் கையில்? எந்த மொழியில் எழுதினால் வேலை உயர்வு? பிழை வந்தால் யார் தலை உருளும்? 2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்து, தமிழ் இல்லாமல் போய், எதிர்ப்பு வந்ததும் பலகை அகற்றப்பட்டது. இதைச் சீனப் பண்பாடு என்பீர்களா, இலங்கைப் பண்பாடு என்பீர்களா? தமிழ் 1987இல் இருந்து இங்கே அரசகரும மொழி. அது பலகையில் விடுபட்டதற்கு விளக்கம் பண்பாட்டு நூல்களில் கிடைக்காது. யார் வாசகம் எழுதினார், யார் ஒப்பமிட்டார் என்ற கோப்பில் கிடைக்கும்.

எட்டாம் படி: எழுதியதைத் திரும்பக் காட்டுங்கள்

வரைவு முடிந்ததும் அவரவர் பகுதியை அவரவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு கிழமை கூடப் போகும், சிலர் தங்கள் வசனத்தை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள்.

அந்த மேர்ச்சண்டைசரிடமும் கொடுத்தேன். முடிந்தளவு முயற்சி செய்கிறோம் என்ற அவர் பதிலைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்: முகம் முறியாமல் மறுக்கும் தமிழ் மரபு, ‘பாப்பம்’ என்பதன் ஆங்கில உருவம், ஹோல் சொன்ன சொல்லாமற் சொல்வது, எல்லாம். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் உட்கார்ந்து பொறுமையாக வாசித்தார். பிறகு பேனையை எடுத்து ஒரு வரியின் கீழே கோடு போட்டார்.

‘இது நான் இல்லை சேர். நான் முதல்ல ஏலாது எண்டுதான் எழுதினனான். மனேஜர் பின்னால நிண்டு பாத்திட்டு, ஓடர் போயிடும், அழி எண்டார்.’

அந்த மூன்று பக்கத்தையும் திரும்ப எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது.